ட்ரக் கேம்பர்: உக்கிய மரத்தில் புதுப் போல்ட் நிற்காது

ஆசிரியருக்கு,

பனி கரையத் தொடங்கியதும் ஒன்ராறியோவில் பாவித்த ட்ரக் கேம்பர்கள் கைமாறத் தொடங்கும். பிக்கப் ட்ரக்கின் பின்பெட்டிக்குள் இறக்கி வைத்து ஓட்டிப்போய், திரும்பி வந்ததும் நான்கு கால்களில் தூக்கி நிறுத்திவிட்டு ட்ரக்கை வெளியே எடுத்துவிடலாமே, அந்தச் சிறு வீட்டைத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பங்களிலும் இதை வாங்குவோர் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கிறார்கள், குளிர்பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள், உட்கூரையில் தண்ணீர்க் கறை தேடுகிறார்கள். அந்த வீட்டை ட்ரக்கோடு பிடித்து வைத்திருக்கும் நான்கு கட்டுப்புள்ளிகளைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. இந்தக் கடிதம் அந்த நான்கு இடங்களைப் பற்றியது.

ட்ரக்கைக் கைமாற்றி ஓடவிட ஒன்ராறியோவில் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பிரேக், ஸ்டியரிங், துரு எல்லாம் அதில் பார்ப்பார்கள். கேம்பருக்கு அப்படி எதுவும் இல்லை. சொந்தச் சக்கரம் இல்லாததால் அது வாகனமாக அல்ல, சுமையாகவே ஏறுகிறது. சுமை அவிழ்ந்து விழாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 111ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கட்டும் இடத்துக்குப் பின்னாலுள்ள மரம் நல்லதா உக்கியதா என்று எவரும் வந்து பார்ப்பதில்லை. பார்க்கவேண்டியவர் சொந்தக்காரர்தான்.

கட்டுப்புள்ளியில் என்ன பாரம் வருகிறது என்று தெரிந்தால் வேலையின் அளவும் புரியும். நடுத்தரக் கேம்பர் ஒன்று தண்ணீர், எரிவாயு, சாமான் சேர்த்து 1,200 கிலோவைத் தொடுவது சாதாரணம். வணிக வாகனங்களின் சுமைக் கட்டுக்காகக் கனடாவின் தேசியப் பாதுகாப்புக் கோவையில் உள்ள 10ஆம் நியமம், முன்பக்கமாகச் சுமையின் எடையில் 0.8 மடங்கும், பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் 0.5 மடங்கும் தாங்கவேண்டும் என்கிறது. தனியாரின் பிக்கப்புக்கு அது எழுதப்படவில்லை, ஆனாலும் நல்ல அளவுகோல். நம் கேம்பருக்கு அது முன்னால் 960 கிலோ, பக்கவாட்டில் 600 கிலோ. முன்னால் வரும் தள்ளலை ட்ரக் பெட்டியின் முன்சுவர் தாங்கிக்கொள்ளும். பின்னால் சரிவதையும், வளைவில் சாய்வதையும், குழியில் விழுந்து எழும்போது மேலே துள்ளுவதையும் தடுக்க, கட்டுப்புள்ளிகளை ட்ரக்கோடு இணைக்கும் நான்கு சங்கிலிகளும் அவை பிடித்திருக்கும் மரமும்தான் இருக்கின்றன.

பெரும்பாலான பழைய கேம்பர்களின் உடம்பு மரச்சட்டம். பெட்டிக்குள் இறங்கும் அடிப்பகுதி ஒன்று, பெட்டியின் விளிம்புக்கு மேலாக இருபுறமும் நீளும் இறக்கைகள் இரண்டு, ஓட்டுநர் அறைக்கு மேலே நீளும் மூக்கு ஒன்று. முன் கட்டுப்புள்ளிகள் இறக்கையின் முன்மூலையில், கீழே பார்த்தபடி இருக்கும். பின்னவை பின்சுவரின் கீழ்மூலையிலோ இறக்கையின் பின்முனையிலோ இருக்கும். பல கேம்பர்களில் அங்கே இருப்பது இறக்கையின் பிளைவுட்டை ஊடுருவிய ஒரு கண் போல்ட், மேலே ஒரு வாஷர், ஒரு நட். அவ்வளவுதான்.

அந்தப் பிளைவுட் ஏன் உக்குகிறது? தண்ணீர் நுழைவது பெரும்பாலும் அந்த இடத்தில் அல்ல. மூக்கின் முன்விளிம்பில் உள்ள சிறு விளக்குகளின் திருகாணித் துளை, கூரையும் சுவரும் சந்திக்கும் மூலைப்பட்டி, ஜன்னலின் கீழ்விளிம்பு, கேம்பரைத் தூக்கி நிறுத்தும் ஜாக் கால் பூட்டியிருக்கும் இரும்புத் தகட்டின் துளைகள், இந்த நான்கில் ஒன்றுதான் வழக்கமாகக் குற்றவாளி. உள்ளே போன தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மிகத் தாழ்ந்த இடமான இறக்கைத் தளத்தில் தேங்குகிறது. கட்டுப்புள்ளியும் ஜாக் காலும் அங்கேதான் இருக்கின்றன. கனடாவின் குளிர் மீதியைச் செய்துவிடும். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், பிளைவுட்டின் ஏடுகளைப் பிரிக்கும், வசந்தத்தில் உருகிய தண்ணீர் அந்தப் பிளவுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சாலையில் கொட்டும் உப்பு போல்ட்டையும் தின்னும்.

இரண்டாவது காரணம் கைகளில் இருக்கிறது. சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் டர்ன்பக்கிளை, இருபுறமும் எதிர்மரை கொண்ட அந்தத் திருகை, நெம்புகோல் போட்டு முறுக்குவோர் உண்டு. திருகு மரையில் மனிதக் கையால் நூற்றுக்கணக்கான கிலோ இழுவை உண்டாக்கலாம். ட்ரக்கின் சட்டகம் ஓட்டத்தில் முறுகும்போது அந்த இழுவை இன்னும் கூடும். இறக்கைத் தளம் கீழ்நோக்கி வளையும், மேல் வாஷர் மரத்துக்குள் அமிழும், துளை நீள்வட்டமாகும், துளையின் ஓரத்தால் தண்ணீர் ஏறும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ட்ரக் பெட்டியில் கேம்பர் வழுக்கிக்கொண்டே இருப்பதால் சொந்தக்காரர் மேலும் இறுக்குவார். மருந்து அதுவல்ல. பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டு 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பான ரப்பர் பாய் ஒன்றை விரித்தாலே வழுக்கல் பெருமளவு நின்றுவிடும்.

சோதிப்பது எளிது. இறக்கையின் அடியில் கண் போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் தூரம் திருகாணிச் சாவியின் பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உக்கிய மரம் பொத்தென்று ஒலிக்கும். பிறகு கூரான ஊசியால் குத்துங்கள். 3 மில்லிமீற்றருக்கு மேல் எதிர்ப்பில்லாமல் போனால் கதை முடிந்தது. ஈரமானி இருந்தால் நல்லது: 15 சதவீதத்துக்குக் கீழே நிம்மதி, 20ஐத் தாண்டினால் பூஞ்சை வளர இடமுண்டு, 28ஐ நெருங்கினால் உக்கல் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளித்தகட்டில் கட்டுப்புள்ளிக்கு நேர் மேலே சாய்வான சுருக்கம் தெரிந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே சட்டம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கண் போல்ட் வளைந்திருப்பதும், உள் அலமாரியின் கதவு திடீரென்று சரியாக மூடாமல் போவதும் அதே நோயின் அறிகுறிகள்தான்.

பலரும் இந்த இடத்தில் செய்யும் தவறு ஒன்றுதான். பழைய போல்ட்டைக் கழற்றி, அதைவிடத் தடித்த போல்ட்டைப் பெரிய வாஷரோடு போடுவார்கள். இரண்டு மாதம் நிற்கும். பிறகு துளையோடு சேர்த்து ஒரு தட்டு அளவு பிளைவுட் பிய்ந்து வரும். இன்னும் சிலர் காரின் நசுங்கலுக்குப் பூசும் பொலியெஸ்டர்ப் பசையை உக்கிய குழிக்குள் அடைப்பார்கள். ஈரமான மரத்தில் அது ஒட்டாது, காய்ந்ததும் கட்டியாகக் கழன்று நிற்கும். உக்கியதை வெட்டி எடுக்காமல் இந்த வேலைக்குக் குறுக்குவழி இல்லை.

வேலை தொடங்குமுன் கேம்பரை நிலத்துக்கு எவ்வளவு கிட்டவாக இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, 6 அங்குலத்துக்கு 6 அங்குல மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடித்தளம் முழுவதையும் அவற்றின் மேல் உட்கார வையுங்கள். ஜாக் கால்களை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. திருத்தப்போவதே அந்தக் காலைப் பிடித்திருக்கும் மரத்தைத்தான். எரிவாயுக் கலனின் வாயை மூடிக் கழற்றுங்கள், வெளி மின்னிணைப்பைப் பிடுங்குங்கள், மின்கலத்தின் எதிர்மின் (−) முனையைக் கழற்றுங்கள். இறக்கைக்குள் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் ஓடுவது வழக்கம். மரம் அறுக்கும் வாளின் ஆழத்தைப் பிளைவுட்டின் தடிப்புக்கு மேல் ஒரு மில்லிமீற்றர்கூட வைக்காதீர்கள்.

மூலைப்பட்டியின் நடுவிலுள்ள வினைல் நாடாவை இழுத்தால் திருகாணி வரிசை தெரியும். துருப்பிடித்த திருகாணிகளே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். எது அதிகம் துருப்பிடித்திருக்கிறதோ அதற்குச் சற்று மேலேதான் ஒழுக்கு. அந்த இடத்தைப் படம்பிடித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். பட்டியைக் கழற்றி, வெளித்தகட்டைக் கீழிருந்து மெல்ல விலக்கி, ஒரு மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். அலுமினியத் தகட்டை மடித்துவிட்டால் மடிப்பு போகாது.

வெட்டும்போது கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் இடத்தோடு நிறுத்தக் கூடாது. பூஞ்சை நிறம் மாறிய மரத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். கெட்டி மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் 15 சென்ரிமீற்றர் எடுத்தால் நிம்மதி. பிறகு காத்திருப்பு. விசிறியும் ஈரநீக்கியும் வைத்து, ஈரமானி 15க்குக் கீழே காட்டும்வரை விடவேண்டும். ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை ஆகலாம். இந்தப் பொறுமை இல்லாமல் ஈரத்தின் மேல் எபொக்சி (பிசினும் அதை இறுகவைக்கும் இறுக்கியும் கலந்த பசை) பூசி மூடினால், தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். எஞ்சிய நல்ல மரத்தில் போரேட் கரைசல் பூசிக் காயவிட்டால் மறைந்திருக்கும் பூஞ்சை அடங்கும்.

புதுச் சட்டத்துக்கு முடிச்சில்லாத டக்ளஸ் ஃபர் மரம் நல்லது. இறக்கைத் தளத்துக்கு 12 அல்லது 18 மில்லிமீற்றர் கடல்தரப் பிளைவுட். மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த ஓஎஸ்பி பலகை வேண்டாம். ஓரம் நனைந்தால் வீங்கும். பின்வளவுத் தளங்களுக்கு வாங்கும் பச்சை நிறப் பதனிட்ட மரமும் வேண்டாம். உக்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுப்போர் அதிகம், ஆனால் அதிலுள்ள செம்புச் சேர்மம் ஈரத்தோடு சேர்ந்து அலுமினிய வெளித்தகட்டை அரித்துத் துளையிடும்.

பழைய சட்டத்தோடு புதியதைச் சேர்க்க இரண்டு வழி. இடமிருந்தால், பழைய சட்டத்தின் பக்கத்திலேயே புதுச் சட்டத்தை வைத்து, நல்ல மரத்தில் குறைந்தது 30 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டித் திருகுங்கள். இடமில்லையென்றால் சாய்வு மூட்டு, அதாவது இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி ஒட்டுவது. தடிப்பு ஒன்றுக்கு நீளம் எட்டு என்ற கணக்கு. 38 மில்லிமீற்றர் சட்டத்துக்குச் சாய்வு 30 சென்ரிமீற்றர் நீளம் வரும். மரத்தின் வெட்டுமுகத்தில் நேராகத் திருகாணி இறக்கி அதில் இழுவை வைக்காதீர்கள். நார்களுக்கு இணையாகப் போகும் திருகாணி, நார்களைப் பிரித்துக்கொண்டு வெளியே வரும்.

எபொக்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது பிழைத்தால் மற்றதெல்லாம் வீண். பொதியில் எழுதிய விகிதத்தை அளந்து கலக்கவேண்டும். ‘கொஞ்சம் இறுக்கி கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்’ என்பது பொய், அது ரப்பராகவே நின்றுவிடும். முதலில் கஞ்சிப் பதத்தில் மரத்துக்குப் பூசி உறிஞ்ச விடுங்கள். பிறகு சிலிக்கா தூள் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத களிப் பதத்தில் மூட்டை நிரப்புங்கள். அழுந்தப் பிடித்து எல்லாப் பசையையும் பிதுக்கிவிடக் கூடாது, மூட்டின் ஓரத்தில் மெல்லிய கோடாக வெளிவந்தால் போதும். ஒரே தடவையில் ஆழமாக ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஒரு படை வேண்டாம். இறுகியபின் மேலே மெழுகுபோல ஒரு படலம் வந்திருந்தால் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துத் தேய்த்த பிறகே அடுத்த படை. பொதுவான இறுக்கிகள் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சோம்பிவிடும். ஏப்ரல் இரவுகளில் கராஜுக்குள் சூடேற்றி வைப்பது அவசியம்.

இனிப் பலப்படுத்தல். இறக்கைத் தளத்தின் மேற்பக்கத்தில், போல்ட்டின் நட்டுக்குக் கீழே, 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு அல்லது 5 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்றைப் போடுங்கள். 10 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் அளவு போதும். கணக்கைப் பாருங்கள்: ஒன்றரை அங்குல வாஷர் மரத்தை அழுத்தும் பரப்பு ஏறக்குறைய 10 சதுர சென்ரிமீற்றர், இந்தத் தகட்டினுடையது 200. அதே இழுவைக்கு மரத்தின் மேல் வரும் அழுத்தம் இருபதில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் தகட்டைப் பிளைவுட்டின் நடுவில் மட்டும் வைத்தால் பாதிப் பயன்தான். இரண்டு சட்டங்களின் மேல் பாலம்போல அமரும்படி வைக்கவேண்டும், அப்போதுதான் இழுவை கேம்பரின் எலும்புக்குப் போகும். மூலைகளை வட்டமாக அரவுங்கள். கூர்மூலை மரத்தை வெட்டும்.

போல்ட் துளைக்கும் ஒரு முறை உண்டு. அரை அங்குல போல்ட்டுக்கு முதலில் முக்கால் அங்குலத் துளை போட்டு, அடியில் நாடா ஒட்டி, எபொக்சியால் முழுக்க நிரப்பி, இறுகியபின் நடுவில் அரை அங்குலத் துளை போடுங்கள். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. நாளை ஓரத்தை அடைக்கும் சீலன்ட் வெடித்தாலும் தண்ணீர் மரநாரைச் சேராது. இறக்கைக்குள் நுரைப்பலகை இருந்தால் போல்ட் இறுகும்போது அது நசுங்கிவிடும். அந்த இடத்தில் நுரையை வெட்டி எடுத்துக் கெட்டி மரக்கட்டை ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் துளை போடவேண்டும்.

கண் போல்ட்டில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். வன்பொருள் கடையில் கம்பியை வளைத்துச் செய்த கண் போல்ட் மலிவாகக் கிடைக்கும், இழுத்தால் கண் திறந்துகொள்ளும். இங்கே வேண்டியது காய்ச்சி அடித்த, தோள் உள்ள கண் போல்ட், எடை அளவு பொறிக்கப்பட்டது. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பொறித்த அளவு நேர் இழுவைக்கு மட்டும். 45 பாகை சரிவில் இழுத்தால் அதன் தாங்குதிறன் 30 சதவீதமாகிவிடும், 90 பாகையில் 25 சதவீதம். அதுவும் தோள் தகட்டோடு முழுக்கப் படிந்திருந்தால்தான். தோள் இல்லாத கண் போல்ட்டைச் சரிவாக இழுக்கவே கூடாது. கேம்பரின் சங்கிலி எப்போதும் சரிவாகத்தான் போகிறது: முன்சங்கிலி கீழேயும் முன்னேயும் இழுத்து, கேம்பர் பின்னால் நழுவாமல் பிடிக்கவேண்டும்.

ஆகவே கண் போல்ட்டை விட நான் விரும்புவது எல் வடிவ இரும்புத் தாங்கி. 6 மில்லிமீற்றர் தகட்டை மடித்து, ஒரு முகம் இறக்கையின் அடியிலும் மறுமுகம் அடிப்பகுதியின் சுவரிலும் படியும்படி வைத்து, ஒவ்வொரு முகத்துக்கும் 3/8 அங்குல போல்ட் இரண்டு, ஒவ்வொன்றும் உட்பக்கத் தகட்டை ஊடுருவி, நைலோன் வளையமுள்ள நட்டோடு. இப்போது இழுவையில் ஒரு பங்கு போல்ட்டைப் பிடுங்குவதாக இல்லாமல் குறுக்காக வெட்டுவதாக மாறுகிறது. மரத்தில் போல்ட்டைப் பிடுங்குவது எளிது, குறுக்காக வெட்டுவது கடினம். ட்ரக் பெட்டியின் சுவருக்கும் கேம்பருக்கும் நடுவில் இந்தத் தாங்கிக்கு இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். 3 சென்ரிமீற்றராவது மிஞ்சவேண்டும். இரும்புத் தாங்கி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) ஒரு படை. உப்புத் தண்ணீரும் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் போகும்.

ஜாக் கால்களின் தாங்கியும் இதே மூலையில், இதே மரத்தில். அங்கே பலவற்றில் இருப்பது மரத்துக்குள் இறங்கும் தடித்த திருகாணி மட்டும். உட்பக்கம் கை எட்டுமானால் அதையும் ஊடுருவும் போல்ட்டாகவும் பின்தகடாகவும் மாற்றிவிடுங்கள். எட்டாவிட்டால் 3/8 அங்குலத் திருகாணிக்குக் கால் அங்குல முன்துளை, எபொக்சி ஊறிய துளைச்சுவர், குறைந்தது 6 சென்ரிமீற்றர் நல்ல மரத்துக்குள். ஜாக்கைப் பாவிக்கும் முறையும் மரத்தைக் கொல்லும். நாற்காலி ஒன்றைச் சமமில்லாத தரையில் வைத்தால் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டில் நின்று ஆடுமே, கேம்பரும் அப்படித்தான். நான்கு கால்களையும் சமமாக ஏற்றாமல் ஒன்றை முன்னே விட்டால் 1,200 கிலோ கேம்பரில் காலுக்கு 300 கிலோவாக இருக்கவேண்டியது இரண்டு கால்களுக்கு 600, 600 ஆகிவிடும். ஒரு நேரத்தில் சில சென்ரிமீற்றர் வீதம், மூக்கைச் சற்று உயர்த்தியே வைத்து, மாறி மாறி ஏற்றுங்கள். குளிர்காலம் முழுக்க உயரத்தில் நிறுத்தி வைப்பதும் கூடாது. காற்று ஆட்டும் ஒவ்வொரு ஆட்டமும் அந்தத் திருகாணிகளில்தான் முடிகிறது.

மூடும்போது மூலைப்பட்டியின் கீழ் பழைய பியூட்டைலைச் சுத்தமாகச் சுரண்டி, புது நாடா வைத்து, திருகாணிகளைப் பாதி இறுக்கத்தில் ஒரு நாள் விட்டு, மறுநாள் முழுக்க இறுக்குங்கள். பிதுங்கியதை வெட்டிவிட்டு ஓரத்தில் பொலியூரிதேன் சீலன்ட். சிலிக்கோன் எங்கும் வேண்டாம். அது கழன்றபின் அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, சிலிக்கோன்கூட ஒட்டாது. பிறகு முன்பு படம்பிடித்த ஒழுக்கு இடத்துக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடியுங்கள்: கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் பதினைந்து நிமிடம், ஒருவர் உள்ளே விளக்கோடு. மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒழுக்கு நிற்காமல் கட்டுப்புள்ளி திருத்தம் முடியவில்லை.

ஒரு மூலைக்கு என்ன வாங்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு: எட்டு அடி 2x4 சட்டம் இரண்டு, 60 சென்ரிமீற்றர் சதுரக் கடல்தரப் பிளைவுட் ஒரு துண்டு, எபொக்சி ஒரு லீற்றர், சிலிக்கா தூள் ஒரு சிறு டப்பா, தகடு இரண்டு, போல்ட்டும் நட்டும் நான்கு சோடி, பியூட்டைல் நாடா ஒரு சுருள், சீலன்ட் ஒரு குழல். ஆனால் பெரிய செலவு நேரம்தான்.

ட்ரக்கின் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. கேம்பரில் பலமான புள்ளி வைத்து, சங்கிலியின் மறுமுனையை ட்ரக் பெட்டிக்குள் சாமான் கட்டும் சிறு வளையத்தில் மாட்டுகிறார்கள். அது பெட்டித் தகட்டில் பூட்டிய வளையம், கேம்பருக்கானது அல்ல. பின் பம்பரும் அப்படியே. பெட்டித் தகட்டில் தாங்கி பூட்டினால் தகடு கிழிவதைப் பார்க்கலாம், அதிலும் ஃபோர்ட் எஃப்-150 போன்றவற்றில் 2015 மாடலிலிருந்து உடல் அலுமினியம். சட்டகத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் பூட்டும் தாங்கிகள் ஒவ்வொரு ட்ரக் மாடலுக்கும் தனியாகச் செய்து விற்கப்படுகின்றன, விலை கூடினாலும் அவைதான் சரி. சட்டகத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள், வெல்டிங் செய்யாதீர்கள். வளையும்போது அதிக இழுவை வரும் இடம் அந்த விளிம்புகள்தான், சூடு பட்ட உயர்பல இரும்பு அங்கிருந்தே வெடிக்கும். நைலோன் நாடாக் கட்டுகள் நனைந்தால் நீளும்; பொலியெஸ்டர் நாடாவானாலும் விளிம்பில் உரசி அறுந்து போகும். வீட்டுச் சாமான் ஏற்றப் போதும், இதற்குப் போதாது.

இறுக்கத்தின் அளவு: டர்ன்பக்கிளைக் கையால் இறுகும்வரை சுற்றி, பிறகு ஒரு சுற்று. சுருள்வில் உள்ளதானால் வில் முழுக்க ஒடுங்கிவிடாமல் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கவேண்டும்; அந்த மிச்சம்தான் குழியில் விழும்போது மரத்தைக் காப்பது. நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு இழுத்து வையுங்கள். 10 கிலோமீற்றர் ஓடி நிறுத்திப் பாருங்கள், பின் 80 கிலோமீற்றரில் ஒருமுறை, பின் எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு தடவையும். கோடு பிரிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. கோடு பிரியாமல், டர்ன்பக்கிளும் சுழலாமல், சங்கிலி தளர்ந்திருந்தால் மரம் அமிழ்கிறது, அப்போது இறுக்குவதை நிறுத்திவிட்டு உள்ளே பாருங்கள்.

விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. விளம்பரத்தில் சமையலறையின் படத்தோடு நான்கு கட்டுப்புள்ளிகளின் படத்தையும், அடியிலிருந்து எடுத்ததையும் உள்ளிருந்து எடுத்ததையும், போடுங்கள். ஊசியால் குத்திப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்கவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. வாங்குபவர்கள் ட்ரக் கதவின் உள்விளிம்பில் ஒட்டியுள்ள சுமைத்தாளைப் படித்து, குடும்பத்தவரின் எடையையும் கழித்துவிட்டு மீதியைக் கேம்பரின் எடையோடு ஒப்பிடவேண்டும். கேம்பரின் எடைத்தாளில் உள்ளது வெறும் கேம்பரின் எடையா, தண்ணீர் நிரப்பிய எடையா என்பதையும் கேளுங்கள். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ.

இந்தக் கடிதத்தைச் சித்திரைத் தொடக்கத்திலேயே வெளியிட்டால் உதவியாக இருக்கும். மரம் காய இரண்டு கிழமை, எபொக்சி முழுப்பலம் பெற ஒரு கிழமை. இப்போது ஊசியை எடுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் விக்டோரியா தின வார இறுதிக்குமுன் வேலை முடியும்.

மரவேலையும் வாகன வேலையும் அறிந்த ஒரு வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.